பிளாக்கில் இருப்பது நான்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

கடிதத்தைப் பார்த்துப் பதறாதே. ஓட்டல் சலவை அறையில் என் போன் துணியோடு துணியாக மிஷினுக்குள் போய்விட்டது. நன்றாக வெளுத்து வந்தது, பேச்சுத்தான் இல்லை! உன் எண் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை புது எண்ணிலிருந்து கூப்பிட்டு "அம்மா, நான்தான்" என்றதுமே பிடித்துக்கொண்டாய்.

"யாருக்குடி காது குத்துற? எம் பொண்ணு போன்ல சிரிச்சுக்கிட்டேதான் பேசுவா. இப்படி மூக்கை உறிஞ்சிக்கிட்டு அழ மாட்டா. வைடி போனை!"

அதோடு பிளாக்கும் செய்துவிட்டாய். தெரியாத எண்ணிலிருந்து யாராவது அழுதுகொண்டே பேசினால் நம்பாதே, உடனே பிளாக் செய் என்று உனக்குப் பாடம் எடுத்தவளே நான்தானே. பலே அம்மா!

பிளாக் லிஸ்டில் கடைசியாகச் சேர்ந்த எண்ணை அப்பாவிடம் சொல்லி எடுத்துவிடு. அப்படியே உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, தலையணைமேல் விரிக்க வேண்டும். துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வெறும் சளிதான், அம்மா.

உன் மகள்