முசிக்கிசி மரத்தடிக் கற்கள்

அக்டோபர் 9

வெயில் மண்டையைப் பிளக்கிறது. லுவாங்வா ஆறு ஒடுங்கிக் கிடக்கிறது. மிச்சமிருக்கிற மடுவில் நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு உறுமுகின்றன. அந்தச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை என்று எங்கள் விடுதி விருந்தினர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

செலிப்பா கீரைக் கூடையோடு வந்தாள். சமையலறை வாசலில் நின்று, வேலையாட்கள் எல்லோரும் கேட்க, "என்னடி எஸ்னாத்தி, வெள்ளக்காரங்களுக்குப் போட்டது போக மிச்சத்தை நீயே தின்னுடுறியா? பின்னாடி பாத்தா நீர்யானையே வெக்கப்பட்டு ஓடிடும் போல இருக்கே" என்றாள். என் மாமன் மகள் அவள். எங்களில் மாமன் மகளும் அத்தை மகளும் ஒருத்தியை ஒருத்தி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவளுக்குத்தான் அவமானம். நான் மட்டும் விடுவேனா? உன் தக்காளியைப் பார்த்தால் ஆட்டுப் புழுக்கைதான் ஞாபகம் வருகிறது என்றேன். ஆனால் அந்தத் தக்காளியை வைத்துத்தான் எங்கள் பெருமையே ஓடுகிறது. ஆறு ஓடும் திசையில் எங்களுக்குச் சற்றுக் கீழே, இதே கரையில், அவளும் நாலைந்து பெண்களும் போட்டிருக்கிற தோட்டம் அது. லாரியில் வந்த காய் எங்கள் மேசையில் கிடையாது என்று விருந்தினர்களிடம் நானே பீற்றிக்கொள்வேன்.

அக்டோபர் 20

என் புருஷன் யோத்தாமு கரையோரம் நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். போன மழையில் ஆறு இன்னும் கொஞ்சம் தின்றுவிட்டது. இன்னொரு வெள்ளம் வந்தால் சாப்பாட்டுக் கூடம் போய்விடும், முசிக்கிசி மரமும் போய்விடும். கூடம் அவர் கையால் கட்டியது. விழுந்த மரத்தைத் தவிர ஒரு கம்புகூட வெட்டவில்லை. மரம் என்னுடைய பைத்தியம். விடுதிக்கு அதன் பேரை வைத்தவளே நான்தான்.

கம்பி வலைக்குள் கல்லை அடைத்துக் கரை முழுக்க அடுக்கிவிடலாம் என்கிறார். கரையில் கெட்டியாக எதையும் வைப்பதில்லை என்பதுதானே இங்கே நம் கட்டுப்பாடு? புல், கம்பு, கயிறு – எல்லாம் கழற்றி எடுக்கக் கூடியவை. அதைச் சொன்னேன்.

"சிமென்ட்டா போடப் போறேன்? நம்ம மலைக் கல்லுதானே" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேனோ? உடனே தலையாட்டிவிட்டேன்.

நவம்பர் 14

கல் வேலை முடிந்தது. கரைப் பொந்துகளில் இருந்த பஞ்சுருட்டான் குஞ்சுகள் பறந்து போகும்வரை காத்திருந்துதான் தொடங்கினோம். எவ்வளவு யோசித்துச் செய்கிறோம் பார் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 11

வெள்ளம். கல் அசையவில்லை. மழையில் நனைந்துகொண்டு யோத்தாமுவும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆடினோம்.

ஏப்ரல் 23

தண்ணீர் வடிந்திருக்கிறது. செலிப்பாவின் தோட்டத்தைப் பார்க்கப் போனேன்.

பாதித் தோட்டம் இல்லை. ரொட்டியைக் கத்தியால் அறுத்தது போலக் கரை நேராக இறங்குகிறது. போன வருஷத்து வேலிக் கம்பு ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. அவள் அதைப் பார்த்தபடி நின்றிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், இந்த ஆறு எந்த வருஷம்தான் தின்னாமல் இருந்தது, நாம் பிறப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தையே தின்றதல்லவா என்றேன். யோத்தாமு சொல்வது அதுதான். பொய்யும் இல்லை.

"ஆமா. ஆறுன்னா அப்படித்தான்" என்றாள். அவ்வளவுதான்.

மே 17

சுற்றுலாப் பருவம் தொடங்கிவிட்டது. கூடை பாதிதான் நிறைந்து வருகிறது. நானே வாயைக் கிளறினேன். உன் கீரையைக் கோழிதான் தின்னும், அதுவும் கண்ணில்லாத கோழி என்றேன். சமையல்காரர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"இவ்வளவுதாங்க இருந்துச்சு. வரேங்க" என்று சொல்லிக் கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

ங்க! எனக்கா? காய்ச்சலாக இருக்கும். இல்லை, காய்ச்சல் இல்லை.

ஜூன் 8

இயற்கையைக் கெடுக்காத விடுதிகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இருவர் வந்தார்கள். சூரியத் தகடு, எரு ஆகும் கழிவறை, பிளாஸ்டிக் பாட்டில் இல்லாத அலமாரி எல்லாம் பார்த்தார்கள். கரையை ரொம்ப நேரம் பார்த்தார்கள். உள்ளூர்க் கல், சிமென்ட் இல்லை, அருமை என்று முழு மதிப்பெண்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கீரை போதவில்லை. லாரிக் கோசு வாங்கி வைத்தேன். அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 19

செலிப்பாவின் அக்கா மகளுக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் அவளும் நானும் சேர்ந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். என் புருஷன் முதலில் அவளுக்குத்தான் பேசி வைத்த மாப்பிள்ளை என்று தொடங்குவாள். நான் விளக்குமாற்றைத் தூக்குவேன்.

இன்றைக்கு எனக்கென்று தனிப் பாய் விரித்தாள், வாத்தியார் மனைவி பக்கத்தில். கை கழுவத் தண்ணீரை அவளே மண்டியிட்டு ஊற்றினாள். களியும் கோழியும் முதல் தட்டு எனக்கு. மரியாதை! அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 6

பஞ்சுருட்டான்கள் வந்துவிட்டன. எங்கள் கரைக்கு இல்லை. எங்கள் கரையில் பொந்து தோண்ட ஏது மண்? விருந்தினர்கள் பறவை எங்கே என்று துளைத்தெடுத்தார்கள். படகோட்டி அம்பேவே, கீழே புதுக் கரையில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது என்றார். படகில் அழைத்துப் போனேன்.

செலிப்பாவின் தோட்டம் அறுபட்ட முகம் முழுக்கப் பொந்து. பொந்துக்கு ஒரு பறவை, ரத்தச் சிவப்பு. விருந்தினர்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் அழுதே விட்டாள், இவ்வளவு அழகைப் பார்த்ததே இல்லையாம்.

மேலே செலிப்பா மண்வெட்டியோடு நின்றிருந்தாள். மிச்சமிருக்கிற பாத்தி அவள் காலடியில். அந்த அம்மாள் கையசைத்தாள். செலிப்பாவும் சிரித்துக் கையசைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாப் பாக்கச் சொல்லுங்க. அடுத்த வருசம் இன்னும் உள்ள வந்திருக்கும்" என்றாள்.

படகு திரும்பியபோது பார்த்தேன். எங்கள் கடைசிக் கல் முடிகிற இடத்தில்தான் அந்த வெட்டு தொடங்குகிறது. தண்ணீர் வற்றியதில் பளிச்சென்று தெரிகிறது. கல்லில் முட்டிய வெள்ளம் சும்மாவா போகும்? பக்கத்து வீட்டில்தான் பாயும். இத்தனை மாதமாக அந்தப் பக்கம் படகை விடாமல் இருந்தது எதற்காக? எனக்குத் தெரியாதா என்ன!

கேட்கலாம் அவள். சண்டைக்கு வரலாம். வரவில்லை. உன் மரத்துக்காக என் தோட்டத்தைத் தள்ளிவிட்டாயே என்று மாமன் மகளாக ஒரு வார்த்தை கேலியாகக்கூடச் சொல்லவில்லை. என்னை உறவிலிருந்தே எடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 7

கல்லை எடுத்துவிடலாம் என்றேன். யோத்தாமு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கல்லால்தான் என்று என்ன நிச்சயம், எடுத்தால் மட்டும் அவளுடைய மண் திரும்பி வருமா என்று கேட்டார். வராது. அது எனக்கும் தெரியும்.

"மரம் போயிடும் எஸ்னாத்தி. நீ தாங்க மாட்ட."

"தாங்கிக்கிறேன். அவ என்னை வாங்க போங்கன்னு கூப்பிடுறதத்தான் தாங்க முடியல."

அவர் பட்டறைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 10

யோத்தாமு பட்டறையிலேயே சாப்பிடுகிறார்.

அக்டோபர் 28

குஞ்சுகள் பறந்துவிட்டன, விருந்தினர்களும் போய்விட்டார்கள். இன்று கம்பியை வெட்டினோம். முதல் வெட்டு யோத்தாமு. யாரும் சொல்லவில்லை, அவரே கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கற்களைப் பின்பக்கச் சாலைப் பள்ளத்தில் கொட்டுகிறோம். ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பள்ளத்தில் வண்டி மாட்டும், அதற்காவது ஆகட்டும்.

சாப்பாட்டுக் கூடத்தையும் கழற்றத் தொடங்கிவிட்டோம். கம்புகளுக்கு அவர் ஒன்று ஒன்றாகக் குறி போடுகிறார், எது எங்கே போக வேண்டுமென்று.

செலிப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்காகச் செய்தேன் என்று ஆகிவிடும். அவளுக்கு எதையும் கொடுக்கவில்லையே, எடுத்ததைக் கீழே வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

மத்தியானம் மரம் போயிற்று. முதலில் கரை முனகியது. பிறகு முசிக்கிசி மண்ணோடு மெல்ல இறங்கி, இலை வாடாமலே, நின்ற கோலத்தில் கொஞ்ச தூரம் மிதந்து போனது. வாய்விட்டு அழுதேன். யோத்தாமு என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 21

செலிப்பா வந்தாள். துக்கத்துக்கு வருகிறவள் மாதிரி தரையில் உட்கார்ந்தாள். இழவு வீட்டில்கூட எங்களைப் போன்றவர்கள் கேலி பேசித்தான் அழுகையை நிறுத்துவார்கள். அவள் பேசவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க" என்று எழுந்து போனாள்.

மரமும் போயிற்று. அவளும் போய்விட்டாள் போலிருக்கிறது.

ஏப்ரல் 30

தோட்டத்தில் இந்த வருஷம் ஓரமாக ஒரு வரப்பு மட்டும் போயிருக்கிறதாம். அம்பேவே சொன்னார். போன வருஷம் போன பாதி, போனதுதான்.

மே 24

கூடத்தை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டோம், பழைய கம்புகளாலேயே. முசிக்கிசி இல்லாததால் ஒரு முவுங்குத்தி மரத்தடி. நிழல் நன்றாக இருக்கிறது. உலக்கை உலக்கையாகக் காய் தொங்குவதை யார் யோசித்தார்கள்?

காலையில் செலிப்பா கூடையோடு வந்தாள். கீரை, பூசணி இலை, மேலே நாலு தக்காளி. கூடையை இறக்காமலே கூடத்தைச் சுற்றி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், அண்ணாந்து காயைப் பார்த்தாள், மறுபடி நாற்காலியைப் பார்த்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏண்டி எஸ்னாத்தி, இந்தக் காடு முழுக்க வேற மரமே உனக்குக் கிடைக்கலையா? வெள்ளக்காரன் மண்டையில காய் விழுந்து செத்தா, அப்பவும் ஆறு தின்னுடுச்சுன்னு சொல்லுவியா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் கோபித்தால்தானே அவமானம்.

"முதல் காய் உன் மண்டைக்குத்தான் வச்சிருக்கேன், உக்காருடி" என்றேன்.

உட்கார்ந்தாள், காய்க்கு நேர் கீழே. களி இருக்கிறதா, இல்லை அதையும் நீயே தின்றுவிட்டாயா என்று கேட்டாள்.

நாளைக்கு முதல் வேலையாக அந்தக் காய்களை அறுத்து இறக்கச் சொல்ல வேண்டும்.