பஜ்ஜிக்குப் பத்து பைசா

6.7.1993, செவ்வாய்
அம்மா செருப்பைக் கழற்றிய பிறகும் காலில் வார் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. பக்கத்தில் விரலால் அழுத்தினேன். பிசைந்த மாவுபோலக் குழி விழுந்தது.
“நாள் பூரா நின்னுகினே கீறேன்ல, அதான்டி” என்றாள்.

9.7, வெள்ளி
ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் நலச் சங்கச் செயலாளர் உலகநாதன் சார் எங்கள் பஜ்ஜி வண்டிக்கு வந்தார். கேட் பக்கம் வண்டி போட அவருடைய சங்கம்தான் அனுமதி தந்தது. அதனால் அம்மா வாயைத் திறக்க முடியாது. நான் எப்போதுமே திறப்பதில்லை.

திங்கள் முதல் பஜ்ஜி, போண்டா, வடை ஒவ்வொன்றுக்கும் பத்து பைசா கூட வாங்கிச் சங்கத்தில் கட்ட வேண்டுமாம். எண்ணெய்ப் பண்டத்தால்தானே பி.பி.யும் சுகரும் வருகிறது, வைத்தியச் செலவையும் அதுவே ஏற்கட்டும் என்றார். ஞாயிறுதோறும் டாக்டர் வருவாராம், மாத்திரை இலவசமாம். சொல்லிக்கொண்டே இரண்டு வாழைக்காய் பஜ்ஜியைப் பேப்பரில் வைத்துப் பிழிந்து தின்றார். பிழிந்துவிட்டால் மருந்தாகிவிடும் போல. காசு தரவில்லை.

பேக்கரி கேக்குக்கும் பஃப்ஸுக்கும் வரி உண்டா? கிடையாது. பேக்கரிக்காரர் சங்கத்துப் பொருளாளர்.

13.7
ஃபேக்டரி விட்டு வந்த கஜபதி அண்ணன், “பஞ்சவர்ணக்கா, ஒரு மொளகா பஜ்ஜி, கூட அரை மாத்திரை குடு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாங்காமல் போனார்கள். அவரும்தான், நேராகப் பேக்கரிக்கு.

22.7
இன்றும் மீதி.
விற்காததைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வராது. முன்பெல்லாம் ஆளுக்கு இரண்டு மிஞ்சும், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வோம். இப்போது சோறே வடிப்பதில்லை. ராத்திரிக்கு பஜ்ஜி, காலையில் அதே பஜ்ஜி. குவார்ட்டர்ஸ்காரர்கள் எண்ணெய் தின்னக் கூடாது என்று வரி போட்டார்கள். அந்த எண்ணெயெல்லாம் எங்கள் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது. என்ன ஒரு ஆரோக்கியத் திட்டம்! யாருடைய ஆரோக்கியம்?

30.7
அம்மா தலை சுற்றி, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிப் பக்கமே சாய்ந்துவிட்டாள். நான் பிடிக்காமல் இருந்திருந்தால் —
வேண்டாம்.

1.8, ஞாயிறு
சங்கக் கூடத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். வாசலிலேயே உலகநாதன் சார் குவார்ட்டர்ஸ் அட்டை கேட்டார். குவார்ட்டர்ஸுக்கு வெளியே சேக்காட்டில் வாடகை வீட்டுக்காரிக்கு அட்டை ஏது?
“மெம்பர்ஸ்க்கு மட்டும்தாம்மா. ரூல் அப்படி.”
“இந்தத் துட்டே நம்ம பஜ்ஜில வந்ததுதானே, சார்?”
“அது ஜனங்க குடுத்தது. நீ வாங்கிக் குடுத்தே, அவ்ளோதான்.”

உள்ளே டாக்டர் மேஜையில் ஒரு தட்டு நிறையப் பஃப்ஸ். வரி இல்லாத பஃப்ஸ்.
நான் என்ன செய்தேன்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூ, நானும் ஒரு மகளா? “உடுடி, எனக்கு இன்னா வந்துச்சு இப்போ” என்று அம்மாதான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

5.8
கால் இன்னும் வீங்கியிருக்கிறது. கண் மங்குகிறது என்கிறாள். மீதி பஜ்ஜியைத்தான் தின்றாள்.

8.8, ஞாயிறு
அம்மா வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.
“ஏய் பொண்ணு, எங்க போறே? அட்டை இருக்கா?”
உலகநாதன் சாரைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்தேன். அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, கையை மேஜைமேல் பி.பி. கருவிக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தேன்.