இரக்கத்துக்கு ஒரு நட்சத்திரம்

செப்டம்பர் 3, செவ்வாய்

எங்கள் கிறிஸ்தவப் பள்ளியில் என் மறைக்கல்வி வகுப்புக்கு வெளியே நட்சத்திர அட்டையை இன்று மாட்டிவிட்டேன். இரக்கச் செயல் ஒன்று செய்தால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். ஆண்டு இறுதியில் அதிகம் சேர்த்தவருக்கு இரக்கப் பதக்கம். முழுக்க என் யோசனை. எங்கள் தலைமையாசிரியை மதர் எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் பாராட்டினார். அவரிடம் பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால், "புண்ணியத்துக்கும் மார்க் போட ஆரம்பிச்சாச்சா?" என்கிறாள் என் மனைவி. எதைச் சொன்னாலும் குத்தல். சாப்பிட்டு எழுந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

அட்டை மின்னுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்கிறவர்கள் வந்து பார்க்கட்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

வக்கீல் இன்றும் தாமதம். ஒன்பதாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பெண் அவள். எதற்கும் ஓர் எதிர்வாதம் வைத்திருப்பதால் பிள்ளைகள் சூட்டிய பெயர். ஏன் லேட் என்று அதட்டினேன். என்னைக் கேட்காதீர்கள், தள்ளினவர்களைக் கேளுங்கள் என்றாள்.

விசாரித்தால் — நூலகத்துக்குப் போக வேண்டியவளை ஒருவன் கேன்டீனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அங்கிருந்து இன்னொருத்தி, பாவம் என்று மைதானத்துக்கு. நாற்காலிப் பிடியைப் பிடிப்பதில் இரண்டு பேருக்குக் கைகலப்பு வேறு. எங்கே போகணும் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு நட்சத்திரம், நான்தான் ஒட்டியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

ஆண்டுத் திருப்பலிக்கு ஆயர் வருகிறார். விவிலிய முதல் வாசகத்தைப் படிக்க வக்கீலைத் தேர்ந்தெடுத்தேன். தெளிவான குரல், ஓர் எழுத்தை விழுங்க மாட்டாள். மதருக்கும் மகிழ்ச்சி. சிற்றாலயப் படிகளில் வழக்கம்போல பெரிய பையன்கள் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிவரட்டும், பார்த்தால் ஆயருக்கே கண் கலங்கும் என்றார். பள்ளி நாட்காட்டியின் அட்டையிலும் அந்தப் படம்தான் இருக்கிறது.

வக்கீலிடம் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்தது. உள்ளே எப்படி வருவது என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப வேண்டாம் சார்."

செப்டம்பர் 27, வெள்ளி

மதிய இடைவேளையில் அவளுக்குப் புத்தி சொல்லப் போனேன். கூரையைப் பிரித்து நாலு பேர் இயேசுவின் முன் இறக்கிய முடக்குவாதக்காரர் குணமாகி நடந்த கதையைச் சொன்னேன். வக்கீலிடம் வாயைக் கொடுக்கலாமா?

"அவர் திரும்பிப் போகும்போது படுக்கையைத் தானே எடுத்துட்டுத்தானே சார் போனாரு? எனக்கு நடக்கக்கூட வேண்டாம். நானா உள்ள போனாப் போதும்."

அப்புறம், "தூக்கும்போது நாற்காலி சாயும். நான் பிடியைப் பிடிக்கிறதா, பாவாடையைப் பிடிக்கிறதா? அப்பதான் எல்லாரும் கை தட்டுவீங்க" என்றாள்.

தட்டுவீங்க. தட்டுவாங்க இல்லை. போன வருஷம் முன்வரிசையில் நின்று தட்டினவன் நான். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

சிற்றாலயத்துக்குச் சரிவுப் பாதை வேண்டும் என்று மதரிடம் கேட்டேன். முன்பக்கம் இடமில்லையாம். பக்கவாட்டில் அவருடைய ரோஜாப் பாத்தி. "பசங்க அன்பாத் தூக்குறாங்க. அந்த அன்பை எதுக்கு சார் தடுக்கணும்?" என்றார்.

திரும்பி வந்துவிட்டேன். பதில் எல்லாம் வீட்டில்தான் வந்தது, வரிசையாக. மனைவி கேட்டுவிட்டு, அவங்ககிட்ட சொல்ல வேண்டியதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது என்றாள். என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

அக்டோபர் 1, செவ்வாய்

அட்டையைக் கழற்றினேன். பதக்கமும் இல்லை என்று அறிவித்தேன். தூக்குகிற நால்வரில் நெட்டையன் வந்து, இதுவரை தூக்கினதெல்லாம் என்ன கணக்கு என்றான். சும்மா தூக்கினதாக வைத்துக்கொள் என்றேன். மதர் அறையில் எனக்கு நல்ல அர்ச்சனை.

அக்டோபர் 3, வியாழன்

வக்கீல் வந்தாள். வாசிக்கிறாளாம். "மைக் வயர் வாசல் தாண்டி வருமா சார்?"

புரிய ஒரு நிமிஷம் ஆனது. படிக்குக் கீழே இருந்தபடியே வாசிக்கப் போகிறாள். மதரிடம் சொன்னால் நடக்காது. சொல்லாவிட்டால் என் வேலை — மகள் இன்னும் படித்து முடிக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கும் ஏதாவது வந்துவிட்டால்? மனைவியிடம் சொன்னேன். குத்தல் எதுவும் இல்லை. வயரை இன்றே அளந்து பாருங்கள் என்றாள்.

அக்டோபர் 5, சனி

ஆண்டுத் திருப்பலிக்கு நால்வரும் படியடியில் தயாராக நின்றார்கள். வக்கீல் வேண்டாம் என்றாள். நாற்காலிக்குப் பிரேக் போட்டாள். மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

வாசக நேரம். வாசக மேடையில் ஆள் இல்லை. ஆயர் நிமிர்ந்தார், மதர் என்னை முறைத்தார். அப்போது ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. நிதானமாக, ஓர் எழுத்தை விழுங்காமல். தலைகள் ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திரும்பின. உள்ளிருந்து பார்த்தால் வெயில்தான் தெரிந்தது, அவள் தெரியவில்லை.

நற்கருணை அப்பத்தை ஆயரே படியிறங்கிப் போய்க் கொடுத்தார். மதர் பின்னாலேயே போய் மேல்படியில் நின்றார். அவள் தலைகுனிந்து வாங்கியதை அங்கிருந்து பார்த்தார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

எல்லாம் முடிந்து என்னைக் கூப்பிட்டார். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னேன் மதர்."

குரல் உயர்ந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் மதர் ரோஜாச் செடிகளை வேரோடு எடுத்துத் தொட்டிகளில் நட்டுக்கொண்டிருந்தார். தோட்டக்காரரைத் தொட விடவில்லை. சரிவுப் பாதைக்குக் கொத்தனார் வந்து பார்த்தாராம். ஏற்றம் மெதுவாக இருக்க வேண்டுமானால் பாத்தி முழுவதும் போகுமாம். மதர் கோபமாகத்தான் சொன்னார். என் மேலா, தன் மேலா, தெரியவில்லை. நானும் ஒரு செடியைத் தூக்கினேன். முள் நன்றாகக் குத்தியது.

அக்டோபர் 21, திங்கள்

சரிவுப் பாதையின் திருப்பம் குறுகல் என்று வக்கீல் கொத்தனாரோடு ஒரே வாதம். வேலையை ஆரம்பிக்கும்போதே இந்தப் பொண்ணைக் கேட்டிருக்கக் கூடாதா என்று அவர் என்னைத் திட்டிவிட்டு, உடைத்து மறுபடி கட்டுகிறார்.

நவம்பர் 13, புதன்

சரிவுப் பாதை முடிந்துவிட்டது. காலைத் திருப்பலிக்கு நான் பிந்திவிட்டேன். ஓசைப்படாமல் உள்ளே போய் நெட்டையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வக்கீல் முன்வரிசை ஓரத்தில் இருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று அவன் காதில் கேட்டேன்.

"கவனிக்கலையே சார்" என்றான். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தான்.