வெள்ளவத்தையில் உதித்த சூரியன்

இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு முதல் வேலையாகப் போனை எடுத்து, நம் கேள்வி பதில் தளத்தின் முறைப்பாட்டு வரிசையைத் திறந்தேன். நீ இருந்தால் ஏசியிருப்பாய். "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாரன் புள்ள. கள்ளன் எங்கயும் ஓடமாட்டான்."

இன்றைய கள்ளன் நீதான். பாண்டிருப்பாள் என்று உன் ஊரை வைத்துத் தளத்தில் நீ சூட்டிக்கொண்ட பெயருக்கு நேரே யாரோ சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். 'இந்தப் பதில் வேறொரு தளத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையதாக்கிப் போடுகிறவர்களைத் தேடுவதுதானே நம் இருவருக்கும் சம்பளமில்லாத உத்தியோகம்? அந்த நாட்களில் மருதமுனையிலிருந்து நான் பின்னேரம் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். உன் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் நீ திருத்தாத இரசாயனவியல் விடைத்தாள்கள், நடுவில் சீனி போட்ட அவல். நான் ஒரு பதிலின் முதல் வரியை எடுத்துத் தேடப் போனால் கையில் தட்டுவாய்.

"தொடக்கத்தத் தேடாத கா. தொடக்கம் எல்லாருக்கும் ஒண்டுதான். நடுவுக்குள்ள ஒரு கோணல் வசனம் கிடக்கும். வேற ஒருத்தரும் எழுதமாட்டாத வசனம். அதை மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடு."

கோணல் வசனங்கள் நம்மைக் கைவிட்டதே இல்லை. காதல் தோல்விக்கு மருந்து சொன்ன ஒருவர், 'மேலே உள்ள படத்தில் காண்க' என்று முடித்திருந்தார். மேலே படமே இல்லை. நீ மேசையில் கை அடித்துச் சிரித்தாய். "எந்தப் படத்தக் கா பாக்கச் சொல்லுறார்? அவர விட்டுட்டுப் போனவட படத்தயா?" இன்னொருவர், எல்லாம் தன் சொந்த மூளையில் உதித்தது என்று சண்டைக்கு வந்தார். 'உங்கள் மூளையும் அந்தத் தளமும் ஒரே மாதிரிச் சிந்தித்திருக்கின்றன, வாழ்த்துகள்' என்று எழுதினாய். எனக்கு வாசித்துக் காட்டினாய். பிறகு முழுவதையும் அழித்துவிட்டு, 'நல்ல தகவல். எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் இதை வைத்திருப்போம்' என்று அனுப்பினாய். முதலில் எழுதியது உன் வாய். அனுப்பியது நீ.

இன்று கொடி விழுந்தது உன் கேற் பதிலுக்கு. கடலோர வீட்டு வாசலில் இருக்கும் இரும்புக் கேற் ஏன் விரைவில் துருப்பிடிக்கிறது என்ற கேள்வி நினைவிருக்கிறதா? உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதியிருந்தாய். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடை, கீலுக்கு எண்ணெய் விடு என்றும் சொல்லியிருந்தாய். அதே பதில், அதே வரிசையில், வீட்டுப் பராமரிப்புப் பக்கம் ஒன்றில் இருந்தது. அங்கே போட்டிருந்த திகதி உன்னுடையதைவிட இரண்டு வருடம் முந்தியது.

மன்னாரிலிருந்து நம்மோடு தளத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் நிரோஷன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, எனக்கும் கவலைதான். ஆனா திகதி அவங்கட பக்கம். ஒரு வாரத்துக்குள்ள பதில் சொல்லாட்டி நகல் எண்டு குறிச்சு மறைக்கவேணும். மற்றப் பதில்களயும் கிளறுவாங்க. அவங்களும் இல்லயே, ஆரு பதில் சொல்லுற?"

அந்தக் குரல் செய்தியை இரண்டாம் முறையும் கேட்டேன். உன் பெயருக்குப் பக்கத்தில் நகல் என்ற சொல். அதுவும் நீ வாய் திறக்க முடியாத காலத்தில்.

தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. தெரிந்தவர் விடயத்தில் சான்றை மட்டும் எழுதிவைத்துவிட்டு ஒதுங்கவேண்டும் என்பது நீ பிடிவாதமாகக் கொண்டுவந்த விதி. ஆகவே முன்பின் அறியாத ஒருத்தியின் பதிலைப் போல உன்னுடையதைத் திறந்தேன். நீதான் எடுத்திருந்தால் என்ன செய்வது என்ற பயமும் ஒரு கணம் வந்துபோனது. அதற்காக நீ கோபிக்கமாட்டாய். பார்க்காமல் விட்டிருந்தால்தான் கோபித்திருப்பாய்.

பக்கத்தின் திகதியை அதன் சொந்தக்காரர் நினைத்தபடி மாற்றலாம். அது நமக்குத் தெரியும், ஆனால் தெரிவது சான்றாகாது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் தளத்தில் தேடினேன். அந்தப் பக்கம் ஒருமுறையும் சேமிக்கப்படவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து இரண்டு பதில்களையும் அருகருகே வைத்து வாசித்தேன். நீ 'பாண்டிருப்பில் எங்கள் வீட்டு கேற்' என்று எழுதிய இடத்தில் அவர்கள் 'வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு கேற்' என்று மாற்றியிருந்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. அதற்கடுத்த வரிதான் உன் கோணல் வசனம்: 'காலையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து எந்தப் பக்கத்தில் வெயிலை அடிக்கிறதோ, அந்தப் பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும்.'

நம் கரையில் பிறந்தவளுக்கு அது ஒரு சாதாரண வரி. கடலென்றால் நமக்குக் கிழக்கு. கொழும்புக்காரருக்கு அது மேற்கு. வெள்ளவத்தையில் சூரியன் கடலில் விழுமே தவிர, கடலிலிருந்து எழாது.

தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். மகள் அறையிலிருந்து, "என்ன உம்மா, தனியச் சிரிக்கிறீங்க?" என்றாள். இரண்டு வரிகளையும் எடுத்து, கீழே விளக்கம் எழுதி நிரோஷனுக்கு அனுப்பினேன். அவன் எழுத்தில் பதில் போடப் பொறுக்காமல் அழைத்தே விட்டான்.

"அக்கா, நான் வெள்ளவத்தையில இருந்துதான் படிச்சனான். பின்னேரம் பின்னேரம் றெயில் பாதையடியில நிண்டு சூரியன் கடலுக்குள்ள போறதத்தான் பாத்தனான். இவங்களுக்கு மட்டும் காலமயில எழும்பியிருக்கு!"

கொடி இறங்கியது. உன் பதில் இருந்த இடத்தில் இருக்கிறது. "இனி அந்தப் பக்கத்தத் தூக்கச் சொல்லி ஒரு முறைப்பாடு போடுங்கக்கா, விடாதீங்க" என்றான். "ஓம், பாப்பம்" என்றேன்.

உன் மரண வீட்டில் ஆளாளுக்கு நல்ல வார்த்தை சொன்னார்கள். தங்கமான பிள்ளை, எல்லோருக்கும் உதவி. யாருக்கும் பொருந்தக்கூடிய வரிகள். சந்தையில் மீன் விற்பவர் மட்டும் வாசலில் நின்று, "ரீச்சர் ஒரு நாளும் மீனப் பாக்கமாட்டா, தராசுல என்ட விரலத்தான் பாப்பா" என்றார். அன்று அந்த ஒரு வசனத்தில்தான் உன்னைக் கண்டேன். மனிதர்களையும் நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். ஒருவர் சொல்வதன் தொடக்கத்தைப் போகவிட்டு, நடுவில் அவர் மட்டும் சொல்லக்கூடிய ஒன்று வரும்வரை காத்திருக்கிறேன். பெரும்பாலும் வருகிறது.

முறைப்பாடு எழுதத்தான் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். கீழே ஒரு பெண் கருத்து எழுதியிருந்தாள். 'சொன்னபடி கழுவி எண்ணெய் விட்டேன். இப்போது என் கேற் சத்தம் போடாமல் திறக்கிறது. விடியப்புறம் வேலைக்குப் போகும்போது மாமி எழும்புவதில்லை. நன்றி.' அந்த நன்றி யாருக்குச் சேரவேண்டியது என்று அவளுக்குத் தெரியாது.

ஆகவே நான் முறைப்பாடு போடப்போவதில்லை. நிரோஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு மடல் எழுதப்போகிறேன்: பக்கம் இருக்கட்டும். முதல் வரியில், எழுதியவர் பாண்டிருப்பாள் என்று போடுங்கள். அந்தப் பெண்ணின் நன்றிக்குக் கீழேயும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். தயவுசெய்து சூரியனையும் எங்கள் கரைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.