அஞ்சலை பேர் எழுதிய பாட்டில்

ஆவணி 4
காலையில் தூறல். குன்னத்திலிருந்து பஸ். பெரம்பலூர் ஆஸ்பத்திரி. என் சம்சாரம் அஞ்சலைக்கு முதல் புற்றுநோய் ஊசி. மருந்து வெளிக்கடையில் வாங்கியது. வேறு ஆளுக்கு மாறிவிடக் கூடாதே! பாட்டில் லேபிளில் நானே அவள் பேரை எழுதினேன். முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் திட்டுகிற மாதிரி ரொம்ப அழுத்திவிட்டேன். நர்ஸ் பொண்ணு, "அஞ்சலையா?" என்றது. படித்துவிட்டது! நான் எழுதியதை!

ஆவணி 7
மூன்று நாளாக வாந்தி. "மார அறுத்தது பத்தாதா? நோவு கொல்லுமுன்ன இந்த மருந்து கொன்னுடும். செந்துறையில கஷாயம் தராங்களாம், போவோங்க" என்கிறாள். கால் பிடித்துவிட்டேன்.

ஆவணி 26
நேற்று இரண்டாம் ஊசி. இதிலும் பேர் எழுதினேன். வாந்தியே இல்லை! கருவாட்டுக் குழம்பு கேட்டாள். இரண்டு தரம் சோறு. மருந்து ஒத்துக்கொண்டது. சந்தோஷம். (ஷ நன்றாக வருகிறது.)

புரட்டாசி 15
மூன்றாம் ஊசி. புதுப் பாட்டிலில் பேர் எழுதப் போனேன். விரலில் ஏதோ தட்டியது. மை இல்லை, பள்ளம் மட்டும். வெளிச்சத்தில் சாய்த்தேன். அஞ்சலை. என் எழுத்து.

டாக்டரிடம் ஓடினேன். "போன தடவை வாந்தி எடுத்தாங்களா?"
"இல்லீங்க சார்."
டாக்டர் பாட்டிலை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். "குப்பைக்குப் போன காலி பாட்டில எடுத்து, தண்ணி ரொப்பி வித்திருக்கான் பெரியவரே. போன தடவையும் தண்ணிதான் போல."

கடைக்காரன் என்னைப் பார்த்து, "யோவ், ஒனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றான்.
தெரியும் என்றேன்.
புகார் மனுவில் கைநாட்டு இல்லை. கையெழுத்து.

புரட்டாசி 16
அஞ்சலையிடம் சொன்னேன். சிரித்தாள். "அந்தத் தண்ணியே நல்லாருந்துச்சு, அதையே போடச் சொல்லுங்க." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.
"வேணாம்னா வேணாம். செந்துறைக்கே போவோம்" என்றேன். மனசார இல்லை.
மத்தியானம், சோறு போடும்போது: "ஒரே ஒரு தரம் நல்ல மருந்து. அப்பறம் பாப்போம். வாந்திக்கு நீங்கதான் சட்டி புடிக்கணும்."

புரட்டாசி 19
டாக்டரே வரவழைத்த மருந்து. பேர் எழுதினேன், மெதுவாக. ஊசி போட்டதும் பாட்டிலை நர்ஸ் என் எதிரிலேயே உடைத்தது. அவள் பேரும் உடைந்தது. பார்க்க முடியவில்லை.

புரட்டாசி 20
வெயில். காப்பி குடித்த உடனே வாந்தி. சட்டி பிடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "வந்துடுச்சு. இப்ப சந்தோஷமா?" என்றாள்.
ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர். "கிறுக்கு மனுசன்" என்று முந்தானை நுனியால் துடைத்துவிட்டாள்.
கூப்பிடுகிறாள். மறுபடி. சட்டி கழுவவில்லையே