மண்டி முகவரி

நைனாவுக்கு ஜினப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? நான் நன்றாக இருக்கிறேன். பின்லாந்தில் இப்போது மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே என்று பாதி வேலையில் எழுந்து ஓடுகிறேன்.

மண்டிக்கு யார் யாரோ மின்னஞ்சல் அனுப்புகிறார்களே என்று பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். கல்லூரியில் படித்தபோது ஒரு இலவச மென்பொருளில் பிழை திருத்திக் கொடுத்தேன். உழைத்தவர்களின் பெயரையும் மின்னஞ்சலையும் அதில் எல்லோரும் பார்க்கும்படி போடுவார்கள். எனக்கென்று மின்னஞ்சல் இல்லாததால் உங்கள் செஞ்சி நெல் மண்டியுடையதைக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் மென்பொருளில் கோளாறு என்றால் முன்பின் தெரியாதவர்கள் உங்களுக்கு எழுதுகிறார்கள். புதிய பதிப்பில் முகவரியை மறைத்து, பெயரை மட்டும் வைத்துவிட்டேன். பழைய பிரதிகள் உலகமெல்லாம் போய்விட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது. யாராவது ஓடிபி கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பதில் ஒன்றை, தமிழ் புரியாத ஒரு பிரேசில்காரர் என் பெயரை வைத்துத் தேடிப்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். “பொண்ணு வேலைக்குப் போயிருக்குது, வந்ததும் சரி பண்ணிடும். நீங்க சாப்டீங்களா?” என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவலூர்பேட்டைப் பக்கம் போனால் மிளகாய்த்தூள் வாங்கி அனுப்புங்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

நைனா, அவர்களுக்கு இனிமேல் எழுத வேண்டாம். சாப்பிட்டாயா என்று எனக்கு எழுதுங்கள்.