அண்ணனின் கிட்டார் ஆம்ப்

சனிக்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அப்பாவிடம் காட்டாதீர்கள்.

இன்று அண்ணனின் கிட்டாரை, அதன் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பில் மாட்டி வாசித்துவிட்டேன். அப்பாவோடு சண்டை போட்டு அவன் துபாய்க்குப் போனதிலிருந்து அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

முன்பெல்லாம் அண்ணன், ஆம்ப்பின் உள்ளே இருக்கும் டியூப் சூடேறிச் சிவக்கும் முன்பே, ஒலியின் தன்மையை மாற்றும் மாட்யூலைக் கழற்றிவிட்டு, ப்ளூஸ் இசைக்கென்று வைத்திருந்த இன்னொன்றை மாட்டுவான். "கெயினக் கொறச்சு வால்யூம ஏத்தணும் பாப்பா, அப்பத்தான் கிட்டாரு பேசும்" என்பான். நான் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து, வால்யூமைக் குறைத்து, ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் திருகை ஏற்றினேன். வெறும் இரைச்சல். பிறகு துணிந்து அவன் சொன்னபடியே வைத்தேன். கம்பியை மெல்லத் தொட்டால் தெளிவாக இருந்தது. அழுத்தினால் லேசாகக் கரகரத்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அழுகை வந்தது.

நிமிர்ந்தால், ஜெபம் முடிந்து வந்த அப்பா ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். சாப்பிட்டுவிட்டு நேராகத் தன் அறைக்குப் போய்விட்டார். நாளை ஆம்ப் போய்விடுமோ?

கதவு தட்டும் சத்தம். அப்பாதான்.

"ஆத்தா, முழிச்சிருக்கியா? அந்த ஆம்ப்புல திருகி வச்சத மாத்திராத. அவன் வாரவரைக்கும் அப்புடியே இருக்கட்டும்."